சிறு தொழிலுக்குக் குறுங்கடன்: தவணையில் தொடங்கும் கணக்கு

இட்லி மாவு அரைத்து விற்பவர், வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டிருப்பவர், தள்ளுவண்டியில் இளநீர் விற்பவர் ஆகியோரிடம் வங்கி கேட்கும் வருமான வரிக் கணக்கு இருக்காது. ஈடு வைக்கப் பத்திரமும் இருக்காது. 40,000 ரூபாய்க் கடனுக்கு விண்ணப்பம் வாங்கி, சரிபார்த்து, வசூலிக்க ஆகும் வேலை 4 லட்சம் ரூபாய்க் கடனுக்கும் ஏறக்குறைய அதேதான். ஆகவே கிளை மேலாளருக்கும் இதில் பெரிய ஆர்வம் கிடையாது. இந்த இடைவெளியில்தான் குறுங்கடன் வந்து நிற்கிறது. ஈடு கேட்காது, தொகை சிறியது, தவணை வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை. வட்டி வங்கியைவிடக் கூடுதல், தினந்தோறும் வசூலிக்கும் தண்டல் கடனைவிட மிகக் குறைவு.

வீடு தேடி வரும் நிறுவனம் முதலில் ஒரு தொகையைச் சொல்லும். “உங்களுக்கு 60,000 வரை எலிஜிபிள்.” அந்தத் தொகை உங்கள் கடன் வரலாற்றையும் அந்த நிறுவனத்தின் வரம்பையும் வைத்து வந்தது. உங்கள் தொழில் எவ்வளவு தாங்கும் என்பது அதில் இல்லை. அந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும், அதுவும் தவணையிலிருந்து பின்னோக்கி.

முதலில் தவணை, அதன் பிறகு கடன் தொகை

மாவு வியாபாரத்தையே எடுத்துக்கொள்வோம். விலைகளை உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 10 கிலோ இட்லி அரிசி, 2.5 கிலோ உளுந்து ஊறப்போட்டால் சுமார் 28 கிலோ மாவு வரும். அரிசி கிலோ 45, உளுந்து 130 என்றால் சரக்குக்கு 775 ரூபாய். உப்பு, வெந்தயம், கரண்ட், கவர் எல்லாம் சேர்த்து 100. ஆக மொத்தம் 875. மாவு கிலோ 45 ரூபாய்க்குப் போனால் வரவு 1,260. கையில் நிற்பது 385. மாதத்தில் 26 நாள் கடை என்றால் சுமார் 10,000.

இந்த 10,000-ஐ நம்பித் தவணை பேசக் கூடாது. விற்காமல் புளித்துப்போன மாவு, மழை நாட்கள், “நாளைக்குத் தர்றேன்” என்று வாங்கிப்போனவர்கள், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து கடை மூடிய நாட்கள் என்று கால் பங்கைக் கழித்துவிடுங்கள். மீதி 7,500. அதிலிருந்து வீட்டுச் செலவுக்கு மாதம் 4,500 எடுப்பவர் என்றால் மிச்சம் 3,000. அதிலும் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்க வேண்டும். உளுந்து விலை ஏறினால் அடுத்த மூட்டை வாங்கவும், கிரைண்டர் கல் தேய்ந்தால் கொத்தவும் அதுதான் பணம். ஆக, தவணை 2,000-க்கு மேல் போகக் கூடாது.

ஆண்டு வட்டி 24 சதவீதம், குறையும் நிலுவை (கட்டக் கட்டக் குறையும் மீதித் தொகைக்கு மட்டும் வட்டி) என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,000 ரூபாய் தவணை 12 மாதத்தில் சுமார் 10,570 ரூபாய்க் கடனையும், 24 மாதத்தில் 18,900-ஐயும், 36 மாதத்தில் 25,480-ஐயும் அடைக்கும். நம் மாவுக் கடைக்காரர் 2,000 கட்ட முடியும். இரண்டு ஆண்டுக் கடன் என்றால் அவருக்குச் சரியான தொகை 37,800. நிறுவனம் தருகிறேன் என்ற 60,000-க்குத் தவணை 3,172 வரும். மாதாமாதம் 1,172 ரூபாய் பள்ளம் விழும். ஐந்தாறு மாதம் வீட்டுச் செலவைக் குறைத்து ஓட்டலாம். அதற்குப் பின் சரக்கு வாங்கும் பணத்தில் கை வைப்பார். கைமுதல் குறைந்தால் அரைக்கும் அளவு குறையும், வரவு குறையும், தவணை மட்டும் குறையாது. குறுங்கடனில் தொழில் படுத்துப்போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

“புது கிரைண்டர் வந்தால் இரண்டு மடங்கு அரைக்கலாமே, அந்த வருமானம்?” என்ற கேள்வி நியாயமானது. ஆனால் முதல் மூன்று மாதத்துக்கு அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மெஷின் ஒரே நாளில் வந்துவிடும், வாடிக்கையாளர் வர நாளாகும்.

கடனின் காலமும் வாங்கும் பொருளின் காலமும் பொருந்த வேண்டும். ஐந்தாறு ஆண்டு உழைக்கும் மெஷினுக்கு 24 மாதக் கடன் சரி. தீபாவளிக்குத் துணி எடுத்து மூன்று மாதத்தில் விற்று முடிப்பவருக்கு அது சரிவராது. சரக்கு விற்ற பணம் நவம்பரில் கரைந்துவிடும், தவணை அடுத்த தீபாவளியையும் தாண்டிப் போகும். இப்படிப்பட்ட குறுகிய காலத் தேவைக்கு, வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ அடகு வைத்து, விற்றதும் மீட்பது மலிவு. நகையை அடகு வைக்க மனம் ஒப்பாமல் இரண்டு மடங்கு வட்டிக்குக் குழுக் கடன் எடுப்பவர்கள் பலர் உண்டு. அந்தத் தயக்கத்துக்கும் ஒரு விலை இருக்கிறது என்பது தெரிந்திருந்தால் போதும்.

வாரத் தவணையா மாதத் தவணையா என்பது தொழிலைப் பொறுத்தது. தினமும் காசு புரளும் மாவு, பூ, காய்கறிக்கு வாரத் தவணை நல்லது. பணம் செலவாகும் முன் கட்டிவிடலாம். தையல்காரருக்கு ஜூன் யூனிஃபார்ம், தீபாவளி, பொங்கல் என்று கும்பலாக வரும்; இடையில் ஆடி மாதம் காயும். அவருக்கு மாதத் தவணைதான் தாங்கும்.

வட்டியை நம் பேச்சில் எடை போடுவது

ஊரில் “ரெண்டு வட்டி” என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். எந்த நிறுவனம் எந்த எண்ணைச் சொன்னாலும் இந்த அளவுகோலுக்கு மாற்றிப் பார்த்தால் குழப்பம் தீரும்.

“வட்டி ஒரு ரூபாய்தான்” என்று சொல்லி, 50,000-க்கு ஆண்டுக்கு 6,000 வீதம் இரண்டு ஆண்டுக்கு 12,000 சேர்த்து 24 தவணையாகப் பிரித்தால் மாதம் 2,583 வரும். இது ஃபிளாட் வட்டி. பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு 50,000-க்கே வட்டி கட்டுகிறீர்கள். குறையும் நிலுவைக்கு மாற்றினால் இது ஆண்டுக்கு 21.6 சதவீதம், ஒரு வட்டி இல்லை, ஏறக்குறைய ஒன்றே முக்கால் வட்டி.

அடுத்து, கைக்கு வரும் பணம். 50,000 கடன், 24 சதவீதம், 24 மாதம், தவணை 2,644 என்று வையுங்கள். செயல்பாட்டுக் கட்டணம் 1.5 சதவீதம் என்றால் 750, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 135, காப்பீட்டுக்கு ஓர் 1,000 பிடித்தால் கணக்கில் ஏறுவது 48,115. தவணை மட்டும் 50,000-க்கே. இப்போது உண்மையான வட்டி 28 சதவீதத்தைத் தொடுகிறது. கட்டணங்களையும் சேர்த்துச் சொல்லும் இந்த ஆண்டுச் சதவீதத்தை நிறுவனம் எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. “முக்கிய விவரத் தாள்” என்ற பெயரில் வரும் அந்த ஒரு தாளை வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது அந்த ஓர் எண் போதும்.

தண்டலையும் இதே தராசில் வையுங்கள். 10,000 கடன், 1,500 முன்பிடித்தம் போக 8,500 கையில்; தினம் 100 வீதம் 100 நாள். “1,500 ரூபாய்தானே போகிறது” என்று தோன்றும். கணக்குப் போட்டால் நாளுக்கு 0.33 சதவீதம், ஆண்டுக்கு 120 சதவீதத்துக்கு மேல், அதாவது பத்து வட்டி. நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லியே தடை செய்கிறது. இருந்தும் மார்க்கெட்டில் காலை ஆறு மணிக்கே பணம் கிடைக்கும் வசதி அதைப் பிழைக்க வைக்கிறது.

எந்தக் கதவை முதலில் தட்டுவது

மலிவானதிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் ஒரு பெண் மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் அதுவே முதல் கதவு. 3 லட்சம் ரூபாய் வரை குழுவுக்கு வங்கி வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம், அதாவது நூற்றுக்கு மாதம் 58 காசு. 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. குழு தொடங்கி ஆறு மாதமாவது ஒழுங்காக நடந்திருக்க வேண்டும்: கூட்டம், சேமிப்பு, உறுப்பினர்களுக்குள் கொடுக்கும் உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் புத்தகம் என ஐந்தையும் வங்கி பார்க்கும். இதில் பெரும்பாலும் கோட்டை விடுவது புத்தகத்தில்தான். தீர்மானப் புத்தகத்தில் மூன்று மாதத்துக்கான கையெழுத்தை ஒரே நாளில் வாங்கியது மேலாளர் கண்ணுக்குத் தப்பாது.

குழுக்களில் இன்னொரு பழக்கம் உண்டு. 3 லட்சம் வந்தால் 12 பேருக்கும் தலைக்கு 25,000 என்று சமமாகப் பிரித்துவிடுவார்கள். தொழில் செய்யாதவருக்கும் 25,000 கடன். மெஷின் வாங்க 60,000 தேவைப்பட்டவருக்கும் 25,000-தான். யாருக்கு எதற்கு எவ்வளவு என்று கடன் திட்டம் எழுதித் தீர்மானம் போட்டு, தேவைப்படாதவர் இந்தச் சுற்றில் விட்டுக்கொடுத்தால்தான் அந்தப் பணம் தொழிலுக்குப் போகும். இதைக் கடன் வந்த பிறகு பேசினால் சண்டை. விண்ணப்பிக்கும் முன்பே பேசி முடியுங்கள்.

தெருவோர வியாபாரிக்கு 2020-இல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டம் இருக்கிறது. 2025-இல் திருத்தியமைத்த பின் முதல் கடன் 15,000, அடுத்தது 25,000, மூன்றாவது 50,000. முதல் கடனை 12 மாதத்துக்குள் அடைக்க வேண்டும். ஒழுங்காகக் கட்டுபவருக்கு 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வரும். மாநகராட்சியோ நகராட்சியோ கொடுத்த வியாபாரி அட்டை அல்லது பரிந்துரைக் கடிதம் வேண்டும். 15,000-ஐச் சின்னத் தொகை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கடன் வரலாறே இல்லாதவருக்கு இவ்வளவு மலிவாக ஒரு வரலாறு வேறெங்கும் கிடைக்காது.

அடுத்தது முத்ரா. 2015-இல் வந்த இந்தத் திட்டத்தில் 50,000 வரை ஷிஷு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தருண் கடனை அடைத்தவருக்கு 20 லட்சம் வரை. முத்ரா நிறுவனம் நேரடியாகக் கடன் தருவதில்லை. வங்கி, குறுநிதி நிறுவனம் போன்றவற்றின் வழியாகத்தான் வரும். “முத்ரா லோன் வாங்கித் தர்றேன், 3,000 கொடுங்க” என்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுப் பேர்வழி. ஆதார், முகவரிச் சான்று, இரண்டு போட்டோ, கட்டணமில்லாமல் எடுக்கக்கூடிய உத்யம் என்ற சிறு தொழில் பதிவு, மெஷின் விற்பவரிடம் வாங்கிய கொட்டேஷன் ஆகியவற்றோடு போங்கள். கொட்டேஷனில் கடைக்காரரின் ஜிஎஸ்டி எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கட்டும். பணம் பெரும்பாலும் நேராக அவருக்கே போகும். ஆறு மாதமாக க்யூஆர் வழியாக வந்த வசூல் ஒரே கணக்கில் விழுந்திருந்தால் அந்தக் கணக்கு அறிக்கையே பாதி வாதாடிவிடும். மூன்று கணக்கில் சிதறிக் கிடந்தால் யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள்.

வாய் வார்த்தையில் “இப்ப இல்லம்மா” என்று திருப்பி அனுப்பினால் விண்ணப்பத்தைக் கொடுத்து ஒப்புகை கேளுங்கள். தராவிட்டால் அரசுத் திட்டக் கடன்களுக்கான ஜன் சமர்த் இணையதளத்தில் பதிவு செய்யலாம். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும் போகலாம். அந்த அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு.

இவை எதுவும் ஒத்து வராதபோது, அல்லது பணம் பத்து நாளில் வேண்டியிருந்து காத்திருந்தால் தொழில் நஷ்டம் என்றால், குறுநிதி நிறுவனம்.

குழுக் கடன் எடுக்கும்போது

2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள் இங்கே முக்கியம். வங்கி, சிறு நிதி வங்கி, குறுநிதி நிறுவனம் எல்லாவற்றுக்கும் அவை பொது. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் சேர்ந்த குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை இருந்தால் ஈடில்லாமல் தரும் கடன் குறுங்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நகைக் கடனும் வண்டிக் கடனும் இதில் அடக்கம். வட்டிக்கு உச்சவரம்பு கிடையாது. நிறுவனமே வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதனால்தான் ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் வேலையாகிறது.

கடன் கிடைக்க வேண்டும் என்பதற்காக வருமானத்தைக் கூட்டிச் சொல்லும்படி களப் பணியாளரே சொல்லிக்கொடுப்பார். அவருக்கு மாத இலக்கு இருக்கிறது. கூட்டிச் சொன்ன வருமானம் உங்கள் பாதி வரம்பை உயர்த்தும்; தவணை கட்டும் நாளில் அந்தப் பணியாளர் வேறு கிளைக்கு மாறியிருப்பார்.

நடைமுறை இப்படிப் போகும்: ஐந்து முதல் பத்துப் பேர் கொண்ட குழு, ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, கணவர் அல்லது நாமினியின் ஆவணம், கடன் வரலாற்றுச் சோதனை, குழுப் பயிற்சி, வீட்டு ஆய்வு, பிறகு வங்கிக் கணக்கில் பணம். தமிழில் அச்சிட்ட கடன் அட்டை கைக்கு வர வேண்டும். கட்டிய ஒவ்வொரு தவணையும் அதில் பதிவாக வேண்டும், அல்லது ரசீது, எஸ்எம்எஸ் இருக்க வேண்டும். சென்டர் லீடரிடம் (குழுக்களுக்குத் தலைவியாக இருக்கும் உறுப்பினர்) பணம் கொடுத்துவிட்டு வீடு திரும்புவது பழக்கமாகிவிட்டால் என்றாவது ஒரு தவணை காணாமல் போகும்.

காப்பீடு கட்டாயம் என்று சொன்னால், அது உங்கள் சம்மதத்தோடுதான் என்று கேட்கலாம். எடுத்தால் சான்றிதழை வாங்கி, எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். கடன் வாங்கியவர் இறந்த பிறகும், காப்பீடு இருப்பது தெரியாமல் பிள்ளைகள் தவணை கட்டிக்கொண்டிருப்பது நடக்கிறது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. கையில் பணம் சேர்ந்தால் அடைத்துவிடுங்கள்.

பெயர் இரவல் கொடுப்பதில் கண்டிப்பாக இருங்கள். “உன் பேர்ல எடுத்துக் குடு அக்கா, நான் கட்டிடுறேன்” என்று கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஏற்கெனவே அவர் பெயரில் கடன் கிடைக்காத நிலை வந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். 2025 ஏப்ரல் முதல் ஒருவருக்கு மூன்று குறுநிதி நிறுவனங்களுக்கு மேல் கூடாது, நிலுவை 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று இத்துறையின் சுய ஒழுங்கு அமைப்புகள் வரம்பு வைத்துள்ளன. அந்த வரம்பைத் தொட்டவர்தான் பெரும்பாலும் அடுத்தவர் பெயரைத் தேடுவார். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கை தர வேண்டும். குறுங்கடன்கள் ஹைமார்க், ஈக்விஃபாக்ஸ் அறிக்கைகளில் தெளிவாகத் தெரியும். உங்கள் ஆதாரில் நீங்கள் எடுக்காத கடன் இருந்தால் அங்கே அகப்படும்.

செயலி வழிக் கடனுக்கு ஒரு சோதனை போதும்: கைபேசியில் உள்ள எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால் அது விதிமீறல். அத்தோடு மூடிவிடுங்கள்.

தவணை தவறும்போல் இருந்தால்

தவறுவதற்கு முன் சொல்ல வேண்டும். கிளைக்குப் போய், காரணத்தை எழுதிக் கொடுத்து, தவணைக் காலத்தை நீட்டிக் கேளுங்கள். முழுத் தவணை முடியாவிட்டால் முடிந்ததைக் கட்டி ரசீது வாங்குங்கள். 60 நாளுக்கு மேல் நிலுவை ஏறினால் மற்ற குறுநிதிக் கதவுகளும் மூடும். 90 நாள் தாண்டினால் வாராக் கடன். அபராதம் தவறிய தொகைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் போடக் கூடாது. இந்த நேரத்தில் தண்டல் எடுத்துத் தவணை கட்டுவது இரண்டு வட்டியைப் பத்து வட்டியால் அடைப்பது.

குழுவில் ஒருவர் கட்டாதபோது மற்றவர்கள் கட்ட வேண்டுமா? ஒப்பந்தத்தில் ஒருவருக்கொருவர் பொறுப்பு என்று கையெழுத்திட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பல நிறுவனங்களில் அது எழுத்தில் இல்லை. நடைமுறையில் மட்டும் அழுத்தம் வரும். எழுத்தில் இருந்தாலும் ராத்திரி வரை எல்லோரையும் உட்கார வைப்பது வசூல் முறை ஆகாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது. வசூல் இருவரும் ஒத்துக்கொண்ட இடத்தில்தான். நீங்கள் அங்கே தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராவிட்டால் மட்டுமே அவர்கள் வீட்டுக்கோ கடைக்கோ வரலாம். உறவினர்களை மிரட்டுவது, பெயரை வெளியில் ஒட்டுவது எல்லாம் தடை செய்யப்பட்டவை. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு 2025-இல் கொண்டுவந்த சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும் உண்டு.

புகாரை முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு எண்ணில் பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள். எண் கடன் அட்டையில் இருக்கும். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலோ தபாலிலோ இலவசமாக அனுப்பலாம். வழிமுறை கேட்க 14448. தேதி, நேரம், வந்தவர் பெயர், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றன்றே நோட்டில் எழுதி வைத்தவரின் புகார் நிற்கும்.

கடைசித் தவணை கட்டியதும் நிலுவையில்லாச் சான்று வாங்கி, இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு “முடிந்தது” என்று மாறியிருக்கிறதா எனப் பாருங்கள். மாறாமல் கிடந்தால் எழுதித் திருத்துங்கள். அதன் பிறகு அந்தச் சான்றையும் கணக்கு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு, முன்பு திருப்பி அனுப்பிய அதே வங்கிக் கிளைக்குப் போய் கிஷோர் கடனுக்கு விண்ணப்பம் கேட்கலாம்.